சிங்கப்பூர்ல எந்தப் பள்ளிக்கூடம்?

காதர்பேட்டையில பனியன் கடை வச்சிருக்கிற நண்பர் குடும்பத்தோட சிங்கப்பூர் போறார். "ஏனுங்க, பையனை எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்தறது?"ன்னு கேட்டார்.

எனக்கு உமறுப்புலவர் பள்ளி ஞாபகம் வந்துச்சு. கடையநல்லூர்க்காரங்க 1946-ல சிங்கப்பூர்ல தொடங்கின தமிழ்ப்பள்ளி. 1960-ல உயர்நிலைப்பள்ளி ஆச்சு. வேலைக்கு ஆங்கிலம் வேணும்னு பெத்தவங்க ஆங்கிலவழிப் பள்ளிகளைத் தேடிப் போக, பிள்ளைகள் குறைஞ்சு 1982-ல மூடிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். நாமளும் அதைத்தானே செஞ்சிருப்போம்?

ஆனா தமிழ் போயிடலை. அங்கே அரசுப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமா இருக்கு. உமறுப்புலவர் பேரிலேயே தமிழ்மொழி நிலையமும் நடக்குது.

நண்பர்கிட்ட சொன்னேன்: "பள்ளிக்கூடம் எதுவானாலும் சரி, தமிழ்ப் பாடம் இருக்கான்னு முதல்ல கேளுங்க. இருந்தா, வேற மொழிக்கு மாத்திடாதீங்க."

நீங்க என்ன சொல்லியிருப்பீங்க மக்களே?