கதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியாதுன்னுதான் நம்மில் பலர் சொல்வோம். வேடிக்கை என்னன்னா, அதை 1936-லிருந்து சொல்லிக்கொடுத்து வரும் அயோவா எழுத்தாளர் பட்டறையும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லி வந்திருக்கு: எழுத்தைக் கற்பிக்க முடியாது, இருக்கிற திறமையை வளர்க்கலாம்.

அப்போ அங்கே என்னதான் நடக்கும்? ஒருத்தர் எழுதினதைச் சுத்தி உட்கார்ந்து எல்லாரும் அலசுவாங்க. எழுதினவர் பேசாமல் கேட்டுக்கணும் என்பது இந்த மாதிரிப் பட்டறைகளின் பேர்போன விதி. எங்க ஆபீஸ் கோட் ரிவ்யூவில் எழுதினவனே விளக்கம் சொல்லித் தப்பிச்சுக்கலாம். கதையோடு கூடவே போய் வாசகனுக்கு விளக்கம் சொல்ல முடியாதே! அந்த வகையில் நல்ல விதிதான்.

1945-ல் ஜார்ஜியாவிலிருந்து ஃப்ளானரி ஓ'கானர் அங்கே போனார். அவருடைய தெற்கத்திப் பேச்சு பட்டறையின் இயக்குநர் பால் எங்கிளுக்குப் புரியவே இல்லையாம். எழுதிக் காட்டச் சொல்லியிருக்கார். பேச்சு புரியலைன்னாலும் எழுத்து புரிஞ்சது. 1947-ல் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்கச் சிறுகதையின் பெரிய பெயர்களில் ஒருவரானார்.

ஆனா 1970-களில் அங்கே படித்த சாண்ட்ரா சிஸ்னெரோஸின் கதை வேற. சிகாகோவில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். வகுப்பில் 'வீடு' பற்றிப் பேச்சு வந்தப்போ, மத்தவங்க சொன்ன மாதிரி வீடு தனக்கு இருந்ததே இல்லைன்னு அவருக்கு உறைத்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1984-ல் வெளியான 'மாங்கோ தெரு வீடு'. அவர் கோபத்தை எழுத்தாக்கினார். அதே அறையில் கூசிப்போய் எழுதறதையே விட்டவங்க இருந்திருந்தா, அவங்க பேர் நமக்குத் தெரியப்போறதில்லை.

1967-ல் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் அதே ஊரில் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கினாங்க. அதில் வகுப்பு, பரீட்சை எதுவும் இல்லை. பல நாட்டு எழுத்தாளர்களைக் கூப்பிட்டுத் தங்க இடமும் எழுத நேரமும் கொடுத்தாங்க. 1973-ல் அங்கே போன நம்ம அசோகமித்திரன், அந்த அனுபவத்தில் எழுதியதுதான் 'ஒற்றன்'.

இதிலிருந்து எனக்குத் தெரியறது இதுதான். எழுதறவன் வாயை மூடிக் கேட்கறது பாதி விதி. சுத்தி இருக்கறவங்களுக்கு அவன் உலகம் தெரியலைன்னா, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அவனைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது மீதிப் பாதி. சொல்லிக்கொடுக்கறவங்க முதலில் கத்துக்க வேண்டியது இந்த மீதியைத்தான். சில பேருக்கு அதுகூடத் தேவைப்படாது. ஒரு அறையைக் கொடுத்துட்டு நகர்ந்துட்டா போதும்.