பள்ளிவாசல் ஸ்பீக்கரும் சுனாமிக் கோபுரமும்

மற்றவர்களுடைய சாவை முன்கூட்டியே காணும் ஒருவனை வைத்து எழுதிய கிறிஸ்தவத் திகில் கதைகள் உண்டு. கதாநாயகன் ஒரு முகத்தைப் பார்ப்பான். அந்த ஆள் நாளைக்கு இருக்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். இது ஆண்டவர் தந்த வரமா, சாபமா என்பதிலேயே பாதிக் கதை போய்விடும். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் யார் நம்புவது என்பது மீதிப் பாதி. கல்முனைப் பக்கத்து உம்மாமாரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "மௌத்து எப்ப எண்டது அல்லாஹ் ஒருத்தனுக்குத்தான் தெரியும், சும்மா இரி" என்று முதல் பக்கத்திலேயே முடித்துவிடுவார்கள். மறைவானதை மனிதன் அறிய முடியாது என்பது அவர்களுக்கு ஈமானின் ஒரு பகுதி.

ஆனாலும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை, இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையை நோக்கி என்ன வருகிறது என்பதைப் பாதியாவது ஊகிக்கக்கூடிய இடத்தில் சில மனிதர்கள் இருந்தார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்தக் கரையின் பெயர்களை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்கள் இருந்தது ஹவாய்த் தீவுகளில். இன்று நம்முடைய கடற்கரையில் நிற்கும் சுனாமிக் கோபுரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அன்று இலங்கையின் கடிகாரம் இன்றைக்கு இருப்பதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடியது. 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தக் கணக்கில் காலை 6.59க்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடித் தட்டு கிழிந்தது. நில அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள நில அதிர்வு மானியும் அதைப் பதிந்தது. ஹவாயில் அப்போது கிறிஸ்மஸ் தினம், பிற்பகல் மூன்று மணி. எவா பீச் என்ற இடத்தில் அன்று இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நம் நேரம் 7.14க்கு முதல் அறிக்கையை அனுப்பியது. அதிர்வின் அளவு 8.0, பசிபிக் கடலுக்கு ஆபத்து இல்லை. ஐம்பது நிமிடம் கழித்து, 8.04க்கு இரண்டாவது அறிக்கை போனது. அளவு 8.5, அதிர்வின் மையத்துக்கு அருகில் சுனாமி வரக்கூடும்.

உண்மை அளவு 9.1. தரை கிழிந்து முடியவே எட்டு முதல் பத்து நிமிடம் எடுத்தது. முதலில் வந்து சேர்ந்த அலைகளை வைத்து அவசரமாகப் போடும் கணக்கில் இவ்வளவு பெரிய அதிர்வு அகப்படவில்லை. கிழிசலின் நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர், தெற்கிலிருந்து வடக்காக. அதனால் அலையின் பெரும்பலம் அதற்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே, நேர் எதிரில், நாம். ஆழ்கடலில் அது மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. ஆனால் உயரம் இரண்டு முழத்தைத் தாண்டவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மேலே கடந்துபோன ஜேசன்-1 என்ற செய்மதி அந்த மேட்டைத் தற்செயலாக அளந்திருந்தது. அந்தத் தரவை மனிதர்கள் படித்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டாவது அறிக்கைக்கும் கல்முனைக் கரைக்கு அலை வந்ததற்கும் இடையே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தெருக்கூட இல்லாத குடியிருப்புகள். முக்கால் மணி நேரத்தில் ஒரு கிழவி தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதான வீதிக்கு நடந்தே வந்திருப்பாள். ஆனால் அந்த அறிக்கை இலங்கைக்கு வரவேயில்லை. ஏனென்றால் வந்து சேர முகவரி இல்லை. பசிபிக் நாடுகளுக்கென்று அமைத்த நிலையத்தின் பட்டியலில் இலங்கை கிடையாது. நடு இராத்திரியிலும் எடுக்க ஆள் இருக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் இந்து சமுத்திர நாடுகளில் பெரும்பாலும் இல்லை. இலங்கையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்பதை ஹவாய்க்காரர்கள் தெரிந்துகொண்டது இணையத்தில் வந்த செய்தியைப் பார்த்து. தெரிந்த பிறகு ஆபிரிக்கக் கரைக்காவது சொல்ல முயன்றார்கள். கென்யாவில் கடற்கரைகளைக் காலி செய்தார்கள், இறந்தது ஒருவர். சோமாலியாவுக்கு அலை ஏழு மணி நேரம் கழித்துத்தான் போனது. அங்கே சுமார் முந்நூறு பேர். அங்கேயும் முகவரி இல்லை.

இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேல். அதில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். நாட்டில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் இதுதான். வெளியுலகம் கல்முனையை அறிந்தது ஆஸ்பத்திரியில் 81ஆம் இலக்கத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் கதையால்தான். மற்றப்படி கமராக்கள் தெற்குக் கரையைத்தான் சுற்றின.

ஹவாய் நிலையம் மட்டும் ஞானத்தால் பிறந்ததா? அதுவும் மையித்துகளின் மேல் கட்டியதுதான். 1946 ஏப்ரல் 1ஆம் திகதி அலூசியன் தீவுகளுக்கு அருகே அதிர்ந்த கடல், ஐந்து மணி நேரம் கழித்து ஹவாயின் ஹிலோ நகரத்தை வாரிக்கொண்டு போனது. ஹவாய் முழுதும் ஏறக்குறைய 160 பேர் இறந்தார்கள். முட்டாள்கள் தினம் என்பதால் கடல் வருகிறது என்று கத்தியவர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள் என்பார்கள். மூன்று வருடம் கழித்து, 1949இல் நிலையம் வந்தது. 1960 மே மாதத்தில் சிலியில் 9.5 அளவில் அதிர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. இரவு எட்டரைக்கே ஹிலோவில் சைரன் ஊதியது. அலை வந்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. நான்கரை மணி நேர அவகாசம் இருந்தும் 61 பேர் இறந்தார்கள். சைரனுக்கு என்ன அர்த்தம் என்பதில் பலருக்குத் தெளிவில்லை. முந்தைய சில எச்சரிக்கைகளுக்குச் சிறு அலைதானே வந்தது என்று சிலர் வீட்டிலேயே இருந்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

நம்முடைய கடலுக்கு அப்படியொரு நிலையம் தேவை என்று யாரும் அவசரப்படாததற்குக் காரணம், இங்கே அது அபூர்வம் என்பதுதான். அபூர்வம், ஆனால் அறியாததல்ல. 1883 ஆகஸ்டில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இதே அம்பாறைக் கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டுபோனதாகப் பதிவு இருக்கிறது. நூற்றியிருபது வருடத்தில் அது யார் வாயிலும் தங்கவில்லை. சுமாத்திராவுக்குப் பக்கத்துச் சிமெயுலு தீவில் நடந்தது வேறு. 1907இல் அங்கே வந்த அலையை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு. 2004இல் அதிர்வின் மையத்துக்கு மிக அருகிலிருந்த அந்தத் தீவில், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தில் இறந்தவர்கள் ஏழு பேர். நமக்கு நிலமும் பலமாக ஆடவில்லை, கதையும் இல்லை.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 2005 மே மாதத்தில் இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் கொழும்பில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. அதே வருடம் யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழு, இந்து சமுத்திர நாடுகளை ஓர் எச்சரிக்கை வலையமைப்பாக இணைத்தது. 2007 ஒக்டோபரில் இந்தியா ஹைதராபாத்தில் தன் நிலையத்தைத் திறந்தது. 2011 ஒக்டோபரிலிருந்து இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் இந்தக் கடலுக்கே காவலாளிகள். கடலின் அடியில் அழுத்தமானிகளை வைத்தார்கள். பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்துகொண்டே, மேலே தண்ணீர் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் அவை கண்டுபிடிக்கும். அடியிலிருந்து ஒலியலையாக மேலே மிதக்கும் மிதவைக்கு, மிதவையிலிருந்து செய்மதிக்கு, செய்மதியிலிருந்து கரைக்கு. ஜேசன்-1 தற்செயலாகக் கண்டதை இப்போது வேண்டுமென்றே காண்கிறார்கள்.

ஹைதராபாத்திலிருந்து கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்குச் செய்தி வருவது நிமிடக் கணக்கில். அங்கிருந்து கரைக்கு எப்படி? அதற்குத்தான் கோபுரங்கள். கரையோர மாவட்டங்களில் 77 கட்டினார்கள். உயரமான இரும்புத் தூண், உச்சியில் நாற்புறமும் பார்க்கும் ஒலிபெருக்கிகள். கொழும்பில் இருந்தபடியே இயக்கலாம். சைரனும் ஊதும், வாயாலும் அறிவிக்கும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் 2.08க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தது. எச்சரிக்கை ஒழுங்காக வந்தது. கிழக்குக் கரையெங்கும் கடைகளை இழுத்து மூடிவிட்டு, பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் அடைத்துக்கொண்டு சனம் மேற்கே ஓடியது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு அதிர்வு, 8.2. ஆனால் கடல் வரவில்லை. அந்த முறை தட்டுகள் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் உரசினவே தவிர, ஒன்று மற்றதை மேலே தூக்கவில்லை. கடலடி மேலெழாவிட்டால் கடலும் எழாது. நிபுணர்களுக்கு இது விளங்கும். மூச்சிரைக்க ஓடிவந்த மனிதருக்கு விளங்குவது ஒன்றுதான்: சும்மா ஓட வைத்துவிட்டார்கள்.

யூனுஸ் நபிக்கு நடந்ததும் இதுதான். கல்முனையின் பள்ளிவாசல்களுக்கும் மெதடிஸ்த கோயிலுக்கும் பொதுவான கதை. அங்கே அவர் யோனா. நினிவே நகரம் அழியப்போகிறது என்று சொல்ல அனுப்பப்பட்டவர். சனம் கேட்டுத் திருந்தியது, அழிவு விலகியது. பைபிள் கதையில் அவருக்குக் கோபம் வருகிறது. சொன்னது நடக்கவில்லையே என்று. சாவை முன்னறிவிப்பவனுடைய பேச்சை ஊர் கேட்டால் அவன் பொய்யனாகிறான், கேட்காவிட்டால் மெய்யனாகிறான். திகில் கதைகள் பெரும்பாலும் தொடாத இடம் இது. 2012இல் ஓடியவர்களைத்தான் நான் புத்திசாலிகள் என்பேன். அடுத்த முறையும் அவர்கள் ஓடுவார்களா என்பதுதான் கவலை.

அறிந்தவர்களிடமிருந்து அறிய வேண்டியவர்களுக்குச் செய்தி போகாமல் நின்றுவிடுவது கடலோடு முடியும் வியாதி அல்ல. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி குண்டுத் தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியப் புலனாய்வுத் தகவல் வந்தும், 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கதையின் கடைசி வெடிகள் ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் கேட்டன. 2023இல் உயர் நீதிமன்றம், பொறுப்பானவர்கள் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. அங்கேயும் அறிவுக்குக் குறைவில்லை.

கோபுரங்களுக்கு வருகிறேன். உப்புக் காற்றில் இரும்பும் வயரும் எத்தனை நாள் தாங்கும் என்பது கடற்கரை ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபுரங்கள் பழுதாகிக் கிடக்கின்றன என்ற செய்தி ஒவ்வொரு டிசம்பரும் பத்திரிகையில் வரும், ஜனவரியில் மறந்துவிடும். இருபது வருடத்தில் ஒருமுறை, இருமுறை ஊதவேண்டிய கருவி, ஊதவேண்டிய அன்று ஊதும் என்று நம்புவது கொஞ்சம் அதிகமான தவக்குல்.

புதுச்சேரிக்குப் பக்கத்து நல்லவாடு கிராமத்தைப் பாருங்கள். 2004இல் அந்த ஊரவர் ஒருவர் சிங்கப்பூரில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் வைத்துக்கொடுத்த அறிவு மையத்தில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அன்றாடம் மீனவருக்குக் கடல்நிலை சொல்லும் ஒலிபெருக்கி. கதவை உடைத்து உள்ளே போய் அதில் அறிவித்தார்கள். ஊரில் ஒரு உயிரும் போகவில்லை. நல்லவாட்டைக் காப்பாற்றிய கருவியில் விசேஷம் ஒன்றுமில்லை. முதல் நாளும் அது வேலை செய்தது, அவ்வளவுதான்.

அம்பாறைக் கரையில் அப்படிப்பட்ட ஒலிபெருக்கி ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கிறது. தினம் ஐந்து முறை பரீட்சித்துப் பார்க்கப்படும் ஒரே கருவி அது. ஸ்பீக்கர் கெட்டால் அடுத்த வக்துக்குள் நம்பிக்கையாளர் சபைக்கு ஆள் வந்துவிடும். பாங்கு தவிர அதில் அதிகம் கேட்பது ஜனாஸா அறிவித்தல். பாங்கு நேரமில்லாத நேரத்தில் ஸ்பீக்கர் 'கரகர'த்தால் அடுப்படியில் நிற்கிற பெண்கூட கையை நிறுத்திக் காதைக் கொடுப்பாள்: இன்னாருடைய வாப்பா, இன்ன வீதி, நல்லடக்கம் இத்தனை மணிக்கு. இறந்தவர்களின் பெயரைக் கேட்க இவ்வளவு கவனமாகப் பழகிய காதுகள் வேறு எந்தச் சைரனுக்குக் கிடைக்கும்? கடல் வரப்போகிறது என்பதை இந்தக் கரைக்குச் சொல்ல இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. தமிழ்க் கிராமங்களில் கோயில் ஸ்பீக்கரும் தேவாலய மணியும் இதே வேலையைச் செய்யும்.

அதற்கு வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். மின்சாரம் போனால் இயங்க ஒரு பற்றரி. பாங்கு சொல்லும் முஅத்தினுடைய தொலைபேசி இலக்கம் பிரதேச செயலகத்திலும், கிராம உத்தியோகத்தரின் இலக்கம் முஅத்தினிடமும். கொழும்பிலிருந்து உத்தரவு வந்ததா, வதந்தியா என்று உறுதிப்படுத்த ஓர் ஆள். சுமாத்திராவில் அதிர்ந்தால் நமக்குச் சுமார் இரண்டு மணி நேரம். ஹைதராபாத்தும் கொழும்பும் அதில் அரை மணி நேரத்தைச் சாப்பிட்டாலும் ஒன்றரை மணி மிச்சம். இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒத்திகை அடுத்த முறை வரும்போது, கச்சேரியில் உள்ளவர்கள் தொலைநகலையும் மின்னஞ்சலையும் சரிபார்ப்பதோடு நிற்காமல், கல்முனைக்குடியில் ஒரு முஅத்தினை எழுப்பி மைக்கைப் பிடிக்கச் சொல்லட்டும். எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று யாராவது கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைக்கட்டும்.