வரைபடமும் வாக்குமூலமும்: அமெரிக்க ஆள்சேர்ப்பில் பாலிகிராஃப் சோதனையின் வரலாறு

முன்னுரை

அமெரிக்காவின் சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ., என்.எஸ்.ஏ. போன்ற உளவு, புலனாய்வு அமைப்புகளில் வேலைக்கு விண்ணப்பிப்பவர், நேர்காணலையும் பின்னணி விசாரணையையும் தாண்டினாலும் பாலிகிராஃப் எனப்படும் பொய் கண்டறியும் கருவியின் முன் உட்கார்ந்தே ஆகவேண்டும். எல்லைக் காவல் பணிக்கும் பல நகரங்களின் போலீஸ் பணிக்கும் இதே விதிதான். அதே நாட்டில் ஒரு வங்கியோ துணிக்கடையோ மென்பொருள் நிறுவனமோ வேலை கேட்டு வருபவரை இச்சோதனைக்கு உட்படுத்தினால் அது சட்டவிரோதம். நீதிமன்றங்களோ இக்கருவியின் முடிவைச் சாட்சியமாக ஏற்கப் பெரும்பாலும் மறுத்தே வந்திருக்கின்றன. குற்றத்தை நிரூபிக்கப் போதாத ஒன்று, கடைச் சிப்பந்தியைத் தேர்ந்தெடுக்கக் கூடாத ஒன்று, நாட்டின் ரகசியங்களைக் காப்பவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் எப்படி இன்றியமையாததாயிற்று? இக்கேள்விக்கு விடை காண, அச்சோதனை அறையில் நடக்கும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூச்சு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை ஆகியவற்றின் வரைபடத்தைப் பார்த்து ‘இவர் பொய் சொல்கிறார்’ என்று தேர்வாளர் தீர்ப்பளிப்பது ஒன்று. கருவிக்கு அஞ்சி, மறைக்க நினைத்ததை விண்ணப்பதாரரே சொல்லிவிடுவது மற்றொன்று. வாக்குமூலத்தால் கிடைத்த பயனை வரைபடத்தின் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டியே இச்சோதனை ஆள்சேர்ப்பில் நிலைத்துவிட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நீதிமன்றத்திலிருந்து வங்கிக்கு

இக்கருவியின் தொடக்கக் கனவு நீதிமன்றத்தைப் பற்றியது. வேலைவாய்ப்பு அதில் இல்லை. ஹார்வர்டில் உளவியல் பயின்ற வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன், பொய் சொல்லும்போது இரத்த அழுத்தம் உயர்கிறது என்ற கருதுகோளின் அடிப்படையில் ஒரு சோதனையை முதல் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கினார். 1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், காவல்துறைத் தலைவர் ஆகஸ்ட் வோல்மரின் ஊக்கத்தால், உடலியலில் முனைவர் பட்டம் பெற்ற போலீஸ்காரரான ஜான் லார்சன் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவியை அமைத்தார். ஆனால் நீதிமன்றக் கதவு விரைவிலேயே சாத்தப்பட்டது. 1923இல் ஃப்ரை வழக்கில், மார்ஸ்டனின் சோதனை உரிய அறிவியல் துறையினரிடம் பொதுவான ஏற்பைப் பெறவில்லை என்று கூறி, வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. இத்தீர்ப்பு பிற்காலத்தில் பல நீதிமன்றங்களில் அறிவியல் சாட்சியத்துக்கு அளவுகோலாயிற்று.

நீதிமன்றம் மறுத்த கருவிக்கு வேலையிடம் புகலிடம் தந்தது. லார்சனின் கீழ் பழகிய லியோனார்ட் கீலர், கருவியைக் கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருக்கி 1931இல் காப்புரிமை பெற்றார். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வகத்தில் சேர்ந்து, அங்கிருந்தபடியே வங்கிகளின் ஊழியர்களைச் சோதிக்கும் தொழிலை வளர்த்தார். காணாமற்போன பணத்தைத் தேடச் சென்ற இடத்தில், எதிர்பாராத பலர் சிறு கையாடல்களை ஒப்புக்கொண்டார்கள். அவர்களை வேலையைவிட்டு நீக்காமல், அவ்வப்போது மறுசோதனை செய்து வேலையில் வைத்திருப்பதே மேல் என்பது கீலரின் யோசனை. இந்த யோசனையில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. கீலர் வங்கிகளுக்கு விற்றது அளவீட்டை அல்ல; ‘கருவி கண்டுபிடித்துவிடும்’ என்ற நம்பிக்கையையும் அதிலிருந்து பிறக்கும் கட்டுப்பாட்டையுமே. நீதிமன்றத்தில் இந்த நம்பிக்கை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்கி நிற்க வேண்டியிருந்தது. வங்கியில் குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை. கருவி இவ்வாறு பரவிய விதத்தைப் பிற்காலத்தில் லார்சனே கடுமையாகச் சாடினார்.

அணு நகரமும் உளவுத் துறையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலையிடத்துச் சோதனை அரசுக்குள் நுழைந்தது. டென்னசி மாநிலத்தில் அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டிய ஓக் ரிட்ஜில் 1946இல் தொடங்கி ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சோதிக்கப்பட்டார்கள். அங்கும் வெளிவந்தவை பெரும்பாலும் சில்லறைத் தவறுகளே. சோதனையின் பயன் அதன் செலவுக்கும் ஊழியர் மனக்கசப்புக்கும் ஈடாகாது என்ற கருத்து வலுத்து, அணுசக்தி ஆணையம் 1953இல் இத்திட்டத்தைக் கைவிட்டது. திறமையான அறிவியலாளர்கள் வேறிடம் தேடிப் போய்விடக்கூடும் என்ற கவலை அரசுக்கு இருந்த இடத்தில் சோதனை ஏறத்தாழ ஏழாண்டுகளே தாங்கியது என்பது கவனத்துக்குரியது.

உளவு அமைப்புகளில் நிலைமை வேறாக இருந்தது. 1947இல் நிறுவப்பட்ட சி.ஐ.ஏ. மறு ஆண்டே பாலிகிராஃபைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் என்.எஸ்.ஏ.வும் அதே வழியில் சென்றது. இவ்வமைப்புகள் தம் ஊழியரிடம் எதிர்பார்த்தது பொய் சொல்லாமையை மட்டுமன்று. 1953இல் அதிபர் ஐசனோவர் வெளியிட்ட 10450ஆம் நிர்வாக ஆணை, குடிப்பழக்கம் முதல் பாலியல் நடத்தைவரை பலவற்றைப் பாதுகாப்பு ஐயத்துக்கான காரணங்களாக்கியது. ஒருபாலீர்ப்பாளர்கள் என்று ஐயுறப்பட்டவர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கிய அக்கால நடவடிக்கைகளில் பாலிகிராஃபும் துணைபோயிற்று. பின்னணி விசாரணையால் எட்ட முடியாத அந்தரங்கத்தை விண்ணப்பதாரர் வாயாலேயே வரவழைக்க அது பயன்பட்டது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற வரம்பைக் கருவியால் வகுக்க முடியாது. அதிகாரத்தில் இருப்பவரின் அன்றைய அச்சமே கேள்வித்தாளை எழுதியது.

1988: சட்டம் இட்ட கோடு

தனியார் துறையில் இச்சோதனை 1950களிலிருந்து வேகமாகப் பரவியது. சில்லறை விற்பனைக் கடைகள், உணவகங்கள், மருந்துக் கிடங்குகள் என, சம்பளம் குறைவாகவும் பணப் புழக்கம் கூடுதலாகவும் இருந்த இடங்களிலேயே அது வேரூன்றியது. எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. முதல் தடைச் சட்டத்தை மாசசூசெட்ஸ் மாநிலம் 1959இல் இயற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் மாஸ் தலைமையிலான குழு, அரசு அலுவலகங்களில் சோதனை நடக்கும் விதத்தை ஆராய்ந்து 1965இல் தந்த அறிக்கையில், பொய்யைக் கண்டறியும் கருவி என்று ஒன்று இல்லவே இல்லை என்ற முடிவுக்கு வந்தது. 1977இல் கொலராடோவின் கூர்ஸ் மதுபான ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தின் காரணங்களில் பாலிகிராஃபும் ஒன்று. நாடு தழுவிய தடைச் சட்டம் விவாதத்துக்கு வந்த 1980களில், ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடப்பதாக மதிப்பிடப்பட்டது.

அறிவியல் தரப்பில் திருப்புமுனையாக அமைந்தது 1983இல் நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் தந்த அறிக்கை. நடந்துவிட்ட ஒரு குறிப்பிட்ட குற்றத்தைப் பற்றி விசாரிக்கும்போது இச்சோதனைக்கு ஓரளவு பயன் இருக்கலாம். ஆனால் எந்தக் குற்றமும் நிகழாத நிலையில், வேலை கேட்டு வருபவர் யோக்கியரா என்று சல்லடை போட இது உதவும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்றது அவ்வறிக்கை. இந்த வேறுபாடு முக்கியமானது. குற்ற விசாரணையில் ‘அந்தப் பெட்டியைத் திறந்தாயா’ என்று திட்டவட்டமாகக் கேட்கலாம். ஆள்சேர்ப்பில் ‘எப்போதாவது கடுங்குற்றம் செய்திருக்கிறாயா’ என்றுதான் கேட்க முடியும். ஒளிக்க எதுவும் இல்லாதவரும் பழைய நினைவுகளைத் துழாவிப் பதறக்கூடிய கேள்வி அது. பதற்றத்துக்கும் பொய்க்கும் உடலில் தனித்தனி முத்திரைகள் இல்லை.

இந்தப் பின்னணியில் பிறந்ததே 1988 ஜூன் 27இல் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட ஊழியர் பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்டம். தனியார் முதலாளிகள் ஆள்சேர்ப்பில் இதைப் பயன்படுத்துவதை அது பொதுவாகத் தடைசெய்தது. கவச வண்டி, காவலர் சேவை போன்ற பாதுகாப்பு நிறுவனங்களுக்கும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் தயாரித்து விநியோகிப்போருக்கும் வரம்புடன் விலக்களித்தது. மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கோ முழு விலக்கு கிடைத்தது. இந்தக் கோட்டை அறிவியல் இடவில்லை. வங்கி ஊழியரின் உடலும் உளவு நிறுவன ஊழியரின் உடலும் ஒரே மாதிரிதான் வியர்க்கின்றன. இதற்கு மூன்றாண்டுகள் முன்பு, உயர் அதிகாரிகளையும் சோதிக்கும் திட்டம் எழுந்தபோது, தம்மை நம்பவில்லை என்றால் பதவி விலகுவேன் என்று வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். வெள்ளை மாளிகை பின்வாங்கியது. தொழிற்சங்கமோ பதவியோ பின்பலமாக இருந்தவர்களை விட்டு சோதனை விலகியது. இன்னும் ஊழியராகவே ஆகாத அரசுப் பணி விண்ணப்பதாரர்மீது அது தங்கியது.

உளவாளிகளும் எண்களும்

அரசுக்கு அளித்த விலக்கு பயன் தந்ததா என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின. சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியங்களை விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், உளவில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே 1986இலும் 1991இலும் பாலிகிராஃபில் தேறினார்; 1994இல்தான் பிடிபட்டார். கியூபாவுக்கு உளவு பார்த்த பாதுகாப்புப் புலனாய்வு முகமை ஆய்வாளர் ஆனா மோன்டெஸ் 1994இல் தேறினார், கைதானது 2001இல். இத்தோல்விகளுக்கு அரசு கண்ட மருந்து சோதனையை விரிவாக்குவதே. ஏம்ஸ் கைதான அதே 1994இல் எஃப்.பி.ஐ. புதிய விண்ணப்பதாரர் அனைவருக்கும் பாலிகிராஃபைக் கட்டாயமாக்கியது. 1998இல் ஷெஃபர் வழக்கில் இராணுவ நீதிமன்றங்களில் பாலிகிராஃப் சாட்சியத்துக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, ஆள்சேர்ப்பில் இதை நம்பும் அரசு நீதிமன்றத்தில் மட்டும் நம்ப மறுப்பதன் முரணை நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டினார்.

அணு ஆய்வகங்களின் பணியாளர்களைச் சோதிக்கும் திட்டம் 1999இல் மீண்டும் எழுந்ததையொட்டித் தேசிய ஆய்வுக் குழு நடத்திய ஆய்வு, இவ்விவாதத்தின் மிக விரிவான அறிவியல் மதிப்பீடு. அதில் ஒரு கணக்கு வருகிறது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று கொள்வோம். அவர்களில் 8 பேரையாவது பிடிக்கும்படி சோதனையை அமைத்தால், கூடவே 1,598 நிரபராதிகளும் தோல்வியடைவார்கள். பிடிபடும் இருநூறு பேருக்கு ஒருவர்தான் உளவாளி. நிரபராதிகளைக் காப்பாற்ற அளவைத் தளர்த்தினால் தோல்வியடையும் நிரபராதிகள் 39 ஆகக் குறைவார்கள். ஆனால் 10 உளவாளிகளில் 8 பேர் தேறிவிடுவார்கள். நிபுணத்துவத்தைக் கூட்டி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட முடியாது. தேடப்படுவது அரிதாக இருக்கும்போது, மிதமான துல்லியம் உள்ள எந்தச் சோதனையும் இந்த விலையைக் கேட்கும். 2003இல் நூலாக வெளிவந்த இவ்வறிக்கைக்குப் பின் எரிசக்தித் துறை தன் சோதனைகளைக் கணிசமாகச் சுருக்கியது. உளவு அமைப்புகள் அசையவில்லை.

மறுப்புகளும் மறுமொழியும்

இவ்வாதத்துக்கு எதிரான முதல் மறுப்பு வலுவானது: சோதனையில் உண்மைகள் வெளிவரத்தானே செய்கின்றன? 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லைக் காவல் பணிக்கு விண்ணப்பிப்போர் அனைவருக்கும் பாலிகிராஃப் கட்டாயமானபின், கடத்தல் கும்பல்களுடன் தொடர்பு இருந்ததைச் சிலர் ஒப்புக்கொண்டது மெய்யே. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாக்குமூலத்தைத் தருவது கருவியின் துல்லியமா, அதைப் பற்றிய நம்பிக்கையா? எட்வர்ட் ஜோன்ஸும் ஹரால்ட் சிகலும் 1971இல் முன்வைத்த உளவியல் பரிசோதனை முறையில், உள்ளத்தை அளக்கும் என்று சொல்லிப் போலிக் கருவியோடு மாணவர்களை இணைத்தபோது, வழக்கமாக மறைக்கும் மனப்பான்மைகளை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். எதையும் அளக்காத கருவியும் வாக்குமூலம் தரும் என்றால், வாக்குமூலங்களை எண்ணிக் காட்டிக் கருவி அளக்கிறது என்று நிறுவ முடியாது. எதையும் ஒப்புக்கொள்ளாமல், வரைபடத்தால் மட்டும் விலக்கப்பட்டவரைப் பற்றி இந்தப் பயன் எதுவுமே சொல்லவில்லை. எல்லைக் காவல் விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தோற்றதாக 2017இல் செய்தி வந்தபோது, வேறு சட்ட அமலாக்கத் துறைகளின் விகிதத்தைவிட அது மிகக் கூடுதல் என்பதே பெருங்கேள்வியாயிற்று. ஆட்கள் கிடைக்காமல் திண்டாடிய நிலையில், முன்னாள் இராணுவத்தினர் சிலருக்குச் சோதனையிலிருந்து விலக்களிக்க வழி செய்யப்பட்டது. இன்றியமையாதது என்று சொல்லப்பட்ட சோதனை, ஆள் பற்றாக்குறை வந்ததும் தளர்த்தத்தக்கதாயிற்று.

சோதனை இருக்கிறது என்ற அச்சமே தவறானவர்களை விண்ணப்பிக்காமல் தடுக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. தடுப்பு விளைவு இருக்கக்கூடும். ஆனால் அது கருவியை நம்புபவர்களை மட்டுமே தடுக்கும். வெளிநாட்டு உளவு நிறுவனத்திடம் பயிற்சி பெற்றவர் அதை நம்புவதில்லை. நன்றாகத் தூங்கி, பதறாமல் தேர்வாளருடன் இணக்கமாகப் பேசு என்பதே ஏம்ஸுக்குச் சோவியத் தரப்பு தந்த அறிவுரை. மேலும், சோதனையில் தேறியவர்மீது மேலதிகாரிகளின் கண்காணிப்பு தளர்கிறது. சல்லடை யாரைப் பிடிக்க வைக்கப்பட்டதோ அவருக்கே அது நற்சான்று வழங்கிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு சட்டம் சார்ந்தது: ரகசியப் பணி யாருக்கும் உரிமையன்று, ஐயம் இருந்தால் விலக்குவதே நாட்டுக்கு நல்லது. 1988இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், பாதுகாப்பு அனுமதி பெறும் உரிமை எவருக்கும் இல்லை என்றே கூறியது. ஆனால் வேலை உரிமையன்று என்பதால், எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கலாம் என்று ஆகிவிடாது. ஓர் அமைப்பில் பெற்ற தோல்வி மற்றோர் அமைப்பின் விண்ணப்பத்திலும் கேள்வியாகத் தொடரும்போது, இழப்பு ஒரு வேலையோடு முடிவதில்லை. நாட்டுக்கும் இழப்பு உண்டு: மனச்சாட்சி உறுத்தலால் எளிதில் பதறும் நேர்மையாளரைத் தள்ளி, அமைதியாகப் பொய் சொல்லத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் ஆபத்து அது.

முடிவுரை

ஃப்ரை தீர்ப்பிலிருந்து எல்லைக் காவல்வரை நீளும் இவ்வரலாற்றில், அறிவியல் கேள்வி கேட்ட ஒவ்வொரு முறையும் பாலிகிராஃப் மறையாமல், எதிர்த்துப் பேச முடியாதவர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது இவ்வாதத்தின் கட்டாய முடிவு அன்று. விண்ணப்பதாரர் தாமே சொன்ன தகவலைச் சரிபார்த்துப் பயன்படுத்துவதில் தவறு காண்பது கடினம். வரைபடத்தை மட்டுமே காரணமாக்கி ஒருவரை விலக்குவதற்குத்தான் ஆதாரம் இல்லை. இந்த வேறுபாட்டை அமெரிக்கச் சட்டமே அறிந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், விலக்குப் பெற்ற காவலர் நிறுவனமும் மருந்து நிறுவனமும்கூடச் சோதனை முடிவை மட்டுமே தனிக் காரணமாகக் கொண்டு ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்கிறது. கவச வண்டிக்குக் காவலரைத் தேடும் முதலாளிக்கு விதித்த இக்கட்டுப்பாட்டை, அச்சட்டத்தை இயற்றிய அரசு தனக்கும் விதித்துக்கொள்வதே இந்த நூற்றாண்டுக் காலச் சான்றுகள் சுட்டும் குறைந்தபட்ச நேர்மை.