அம்பை வாங்கிக்கொண்டவை

துரோணர் வைத்த சோதனை எல்லாருக்கும் தெரியும். மரத்தில் ஒரு பறவை. அருச்சுனன் கண்ணுக்கு மட்டும் அதன் தலையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்தப் பறவை உயிருள்ளதல்ல, கைவினைஞர்களைக் கொண்டு செய்யவைத்த பொம்மை என்று ஆதிபருவம் சொல்கிறது. செய்தவர்களின் பெயர் அதில் இல்லை. வில்வித்தை வரலாற்றில் பெரும்பாலும் இதுதான் நிலை. எய்தவனுக்குக் காவியம் உண்டு. அம்பை வாங்கிக்கொண்ட பொருளைப் பற்றி இரண்டு வரி தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

எனக்கு இந்த அக்கறை வந்தது 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது. பள்ளி வில்வித்தைக் குழுவில் இருந்த அக்கா மகன் வீட்டிலேயே பயிற்சி செய்ய வேண்டும் என்றான். கடை இலக்கின் விலையைப் பார்த்துவிட்டு அக்கா, "இந்தக் காசுல ஒரு மாச மளிகை வாங்கிடலாம்" என்றார். நான் பெரிய அறிவாளி மாதிரி ஒரு பலகையை நிறுத்தினேன். முதல் அம்பே முனை நசுங்கித் திரும்பி விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். "நாங்க தோட்டத்துல வாழத்தண்டுலதான்டா அடிப்போம். கெட்டியா இருந்தா அம்பு நிக்காது, பிடிச்சுக்கணும்."

அவர் சொன்னதுதான் சூட்சுமம். அம்பை நிறுத்துவது கடினம் அல்ல, உராய்வு. நுழைந்த தண்டைச் சுற்றி நாலாபுறமும் இறுக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அது மண்ணாக இருக்கலாம், வைக்கோலாக இருக்கலாம், கிழிந்த துணியாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் அது மண். 1363இல் மூன்றாம் எட்வர்ட், விடுமுறை நாள்களில் உடல்வலுவுள்ள ஆண்கள் வில் பழக வேண்டும், பந்தாட்டம் போன்றவை கூடாது என்று ஆணையிட்டார். எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டம் இன்னும் கறாரானது. ஊர்தோறும் இலக்கு மேடு அமைத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் அபராதம். மேடு என்றால் மண்ணைக் குவித்துப் புல்கரண் பதித்த திட்டுதான். அரசனுக்கு வில்லாளிகள் வேண்டும். மண் சுமக்கும் வேலையும் தண்டமும் ஊராருக்கு. அஜின்கோர்ட் வெற்றியைப் பாடியவர்கள் இந்தக் கணக்கை எழுதவில்லை.

போரில் துப்பாக்கி வந்து, வில் கனவான்களின் பொழுதுபோக்கானபோது வைக்கோல் இலக்கு நிலைத்தது. வைக்கோலைக் கயிறாக முறுக்கி, பாய் சுருட்டுவது போல வட்டமாகச் சுற்றித் தைத்து, மேலே வண்ணம் பூசிய துணியை விரிப்பார்கள். குறுக்களவு நான்கு அடி. இன்று ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் நிற்கும் இலக்கின் அளவு 122 சென்டிமீட்டர். மாற்றிப் பார்த்தால் அதே நான்கு அடிதான்! பின்னால் இருந்த வைக்கோல் போய் நுரைப்பலகை வந்துவிட்டது, அளவு அப்படியே தங்கிவிட்டது.

ஜப்பானியர் வைக்கோலுக்கு மரியாதையான இடம் கொடுத்தார்கள். கியூடோ பழகுபவர், 'மகிவாரா' என்ற இறுகக் கட்டிய வைக்கோல் உருளையை ஒரு வில் தூரத்தில் நின்று எய்கிறார். அத்தனை அருகில் தவறவே முடியாது. அதனால் கவனம் முழுவதும் உடலின் மேல் திரும்புகிறது. 28 மீட்டரில் வைக்கும் 36 சென்டிமீட்டர் காகித வட்டத்துக்குப் பின்னாலும் வெறும் மணல்மேடுதான்.

எனக்குப் பிடித்தது ஷில்லாங். அங்கே காசி இனத்தவரின் வில்லாட்டமான 'தீர்' ஒரு சூதாட்டமாகவும் நடக்கிறது. வில்லாளிகள் கூட்டமாக உட்கார்ந்து ஓர் உருளை இலக்கின் மேல் அம்பு மழை பொழிகிறார்கள். நடுப்புள்ளி, வண்ண வட்டம் எதுவும் கிடையாது. குத்தி நிற்கும் அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பணம். நம்மூர் நாலு நம்பர் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். 1982இல் மேகாலயா அரசு இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வரியும் போட்டது. அங்கே வில்லாளியின் பெயரை யாரும் கேட்பதில்லை. உருளை எத்தனை அம்பைப் பிடித்துக்கொண்டது என்பதுதான் பேச்சு.

பலகையைக் கழற்றிவிட்டு, அரிசிச் சாக்கில் பழைய சட்டைகளையும் பாட்டியின் கைலிகளையும் திணித்தோம். பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எடுக்கச் சொன்னது மாமா. காலால் மிதித்து மிதித்து இறுக்கி, வாயைத் தைத்து, வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டிச் சாய்த்தோம். ஐந்து மீட்டரில் அம்பு சத்தமில்லாமல் போய் நின்றது. நடுவில் நைந்தபோது தையலைப் பிரித்து இன்னும் இரண்டு கைலி சேர்த்தோம்.