தலையெழுத்தா, அரசாணையா?

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் வைகாசி பிறந்துவிட்டால், மழையைப் பற்றிக் கேட்பவரைவிடக் கல்லூரியைப் பற்றிக் கேட்பவரே மிகுதி. குமாரபாளையத்துத் தறிக்கூடத்தில் அதே பேச்சு. இராசிபுரத்துச் சவ்வரிசி ஆலையில் அதே பேச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் நிழலிலும், நாமக்கல் லாரிப் பட்டறையிலும், கோழிப் பண்ணையிலும் அதே பேச்சு: "பொண்ணுக்கு டாக்டர் சீட்டு கெடச்சிருங்களா?"

மதிப்பெண் வந்துவிட்டது, விண்ணப்பம் போய்விட்டது, பட்டியல் இன்னும் வரவில்லை. தேர்வு எழுதும் மட்டும் பிள்ளை உழைத்தது. கட்டணம் கட்டும் மட்டும் பெற்றோர் உழைத்தனர். இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. உழைப்பாளிக்கு உழைப்பு கொடிதன்று. கைகட்டிக் காத்திருப்பதே கொடிது. ஆகவே தாய், கூரையற்று நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொள்கிறாள். தகப்பன் சாதகக் கட்டை எடுத்துக்கொண்டு சோதிடரின் திண்ணையேறுகிறான். "தலையில் எழுதியிருந்தால் கிடைக்கும்" என்று ஊர் ஆறுதல் சொல்கிறது.

அந்தத் தாயை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அவளுடைய அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தின் காரணத்தை அவளிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே நம் வருத்தம். கல்லூரி வாயிலுக்குள் யார் நுழையலாம் என்பதைப் பிரமன் எழுதவில்லை. கோட்டையில் எழுதினார்கள், நீதிமன்றத்தில் அடித்தார்கள், சட்டமன்றத்தில் திருத்தினார்கள். எழுதிய ஆண்டும் உண்டு. எழுதியவர் பெயரும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். குலத்தொழில் கோலோச்சிய நாளில் இப்படிக் காத்திருந்த தகப்பன் எவனுமில்லை. நெசவாளி மகனுக்குத் தறி, குயவன் மகனுக்குச் சக்கரம், பறையடிப்பவன் மகனுக்குப் பறை என்று இடம் பிறக்கும்போதே உறுதி. ஐயமில்லை, ஆகவே அச்சமும் இல்லை! அந்த அமைதியை மீட்கவும் முயன்றார்கள். அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராசகோபாலாச்சாரியார், 1953இல் முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப்பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். நாடு கொதித்தெழுந்தது. 1954இல் திட்டம் வீழ்ந்தது. இன்று தறிக்காரர் தம் மகளுக்காகத் தூக்கமின்றிக் கிடக்கிறார் என்றால், அன்று மூடப்பட்டிருந்த கதவு இன்று சற்றே திறந்திருக்கிறது என்று பொருள். சற்றே திறந்திருப்பதுதான் தொல்லை.

எவ்வளவு திறந்தது? கணக்கைப் பார்ப்போம்.

1950ஆம் ஆண்டின் சென்னை இராச்சியத்தில் ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கியிருந்தன. அவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு அரசு மருத்துவக் கல்லூரிகள் 4; இடங்கள் 330. அதில் வெளி மாநிலத்தாருக்கு 17, அரசு தன் விருப்பப்படி அளிப்பதற்கு 12. மீதம் 301. பொறியியல் கல்லூரிகளும் 4, இடங்கள் 395, அதிலும் வெளியாருக்கு 21, அரசின் விருப்பத்திற்கு 12. எஞ்சியதை நான்கு மாவட்டத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு 14 இடத்தையும் இவ்வாறு வழங்கினர்: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிருத்துவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இராச்சியம் முழுவதிலும் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு ஓராண்டில் ஏறத்தாழ 43 மருத்துவ இடங்கள்! அந்த 43ஐயும் பொறுக்காதவர்கள் இருந்தார்கள்.

இந்தப் பங்கீட்டின் வேர் நம் வட்டாரத்தோடும் தொடர்புடையது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துச் சமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அவருடைய அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார் முயற்சியால், 1928இல் அரசுப் பணிகளுக்கு வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று அதுவரை எழுத்தில் இல்லாத ஒன்று. 1947இல் பன்னிரண்டு பதினான்காயிற்று. பிற்படுத்தப்பட்டோர் தனியே எண்ணப்பட்டனர்.

அரசியல் சட்டம் நடப்புக்கு வந்த 1950இலேயே வழக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்த்தது. வழக்குத் தொடுத்த இருவரில் சீனிவாசன் பொறியியலுக்கு விண்ணப்பித்தவர். மருத்துவக் கல்லூரி தமக்கு மறுக்கப்படும் என்று வாதாடிய செண்பகம் துரைராசனோ, அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விண்ணப்பிக்காதவர் வழக்கில், விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களின் ஏற்பாடு சாய்ந்தது.

அப்போது தமிழ்நாட்டுப் பெற்றோர் சோதிடர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் பெரியாரின் கிளர்ச்சிக்குப் போனார்கள். கடையடைப்பு, ஊர்வலம், கண்டனக் கூட்டம் என்று நாடு திரண்டது. 1951 சூன் 18 அன்று அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 15ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவு ஏறியது. "மாற்ற முடியாது" என்று சொல்லப்பட்ட எழுத்து பத்து வாரங்களில் மாறியது.

அதன்பின் காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவு வந்தது. பட்டிதொட்டியெல்லாம் படித்த பிள்ளைகள் அறுபதுகளில் கல்லூரி வாயிலை வந்தடைந்தனர். வாயிலில் நின்றது நேர்முகத் தேர்வு. மதிப்பெண் மட்டும் போதாது; குழுவின் முன் நின்று அதனுடைய மதிப்பையும் பெறவேண்டும். 1970இல் உச்சநீதிமன்றம் வரை சென்ற மருத்துவக் கல்லூரி வழக்கில், நேர்முகத்திற்கு மட்டும் 75 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது கண்டிக்கப்பட்டது. அந்நாளையப் பெற்றோரின் அச்சத்திற்கு வேறு முகம்: "யாரைப் பார்ப்பது? யாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்குவது?" கோட் அணிந்த வக்கீலின் மகனுக்குப் பேசத் தெரியும், காடு கழனியில் நின்றவன் மகனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாவட்ட மக்கள்தொகைக்கேற்ப இடங்களைப் பகிர்ந்த முறையோ, 1968இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. சேலத்துப் பிள்ளை சென்னைப் பிள்ளையோடு நேருக்கு நேர் நிறுத்தப்பட்டது. ஓடுகளம் ஒன்று, ஓட்டம் தொடங்கிய இடம் மட்டும் வேறு.

1978இல் மேனிலைக் கல்வி வந்தது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. பயிற்சிக்குப் பணமும் பட்டணமும் வேண்டியிருந்ததால், சிற்றூர்ப் பிள்ளை மீண்டும் பின்தங்கிற்று. அந்தத் தேர்வு 2007இல் தமிழ்நாட்டுச் சட்டத்தால் நீங்கியது. எளியோர் மகிழ்ந்தனர், மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் மேனிலை மதிப்பெண்ணே சாவி என்றானதும், அந்தச் சாவியைச் செய்து விற்கும் தொழில் நம் நாமக்கல் சமவெளியில் முன்னினும் செழித்தது.

கோழிக்குப் பெயர்பெற்ற ஊரில் எழுந்த விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று மக்களே அழைத்தனர். பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டைகட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் உருப்போட வைத்த பள்ளிகள் பல. விடியுமுன் எழுப்பிப் படிப்பு, இரவு முதிரும்வரை படிப்பு, வாரந்தோறும் தேர்வு. தென்கோடி மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் நகையை அடகு வைத்து, நிலத்தை விற்றுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். அனுமதி நாளில் தூக்குப் பாத்திரத்தோடு வந்து, வாயிலருகே மரநிழலில் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் திரும்பினர். பெற்றோரின் அச்சமே முதல், பிள்ளையின் தூக்கமே கூலி, இலாபம் வேறொருவருக்கு. மேனிலைத் தேர்வில் தரவரிசை அறிவிப்பது 2017இல் கைவிடப்பட்டதும், பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு அவ்வாண்டு அறிவிக்கப்பட்டதும் இந்தத் தொழிலின் கொடுமை கண்டுதான். அந்தப் பொதுத்தேர்வும் 2025இல் விலக்கப்பட்டது.

"தகுதி பார்த்துத்தானே இடம் தருகிறார்கள்?" என்பர் சிலர். இருநூறுக்கு 198 என்றும் 198.25 என்றும் கால் கால் மதிப்பெண்ணாகப் பிரிப்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் இருவர் ஒரே மதிப்பெண் பெற்றால் கணிதம் பார்ப்பர், இயற்பியல் பார்ப்பர், பிறந்த தேதியும் பார்ப்பர். எல்லாம் ஒன்றானால் 'சமவாய்ப்பு எண்' என்று கணிப்பொறி உருட்டிப் போட்ட எண்ணைப் பார்ப்பர். கடைசி இடம் பெற்றவனுக்கும் அடுத்து நின்று இழந்தவனுக்கும் நடுவே இருப்பது அறிவின் வேறுபாடன்று, இடத்தின் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைக்குத்தான் தகுதி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

காத்திருத்தலின் கொடுமை உச்சத்தை எட்டியது 2017இல். நீட் தேர்வு இங்கு உண்டா, இல்லையா? முந்திய ஆண்டு விலக்கு இருந்தது. இவ்வாண்டும் வரும் என்றனர். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தோருக்கு 85 விழுக்காடு என்று ஆணை வந்தது, உயர்நீதிமன்றம் நீக்கியது. அவசரச் சட்டம் என்றனர். தில்லி இரங்கும் என்றனர். மே, சூன், சூலை கடந்தன. ஆகஸ்டு 22 அன்று உச்சநீதிமன்றம், நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று முடித்தது. 1200க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், செப்டம்பர் 1 அன்று உயிர் நீத்தாள். அவள் படிப்பில் குறையில்லை. ஓட்டம் முடிந்தபின் விதியை மாற்றினார்கள். 2021இல் சட்டமன்றம் விலக்குச் சட்டம் இயற்றியது. 2022இல் ஆளுநர் திருப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025இல் முதலமைச்சர் அவையில் அறிவித்தார்.

இருளை மட்டும் காட்டிவிட்டுப் போவது பகுத்தறிவாளன் வேலையன்று. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளே நுழைந்த இடத்தில், அவ்வாண்டு மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறத்தாழ 400 பேர் நுழைந்தனர். பிள்ளைகளின் தலையெழுத்து ஓராண்டில் மாறிற்றா? இல்லை, கோட்டையில் ஒரு காகிதம் மாறிற்று. 1986இல் சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 சனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 11 கல்லூரிகளால் 1,450 இடங்கள் கூடின. அவற்றில் ஒன்று நாமக்கல்லில். பொறியியலோ இன்னொரு பாடம். 1984க்குப்பின் தனியார் கல்லூரிகள் பெருகிப் பெருகி, ஆயிரமாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கும் நிலை வந்தது. பொறியியல் இடம் கிடைக்குமா என்ற நடுக்கம் பெருமளவு போயிற்று. ஆனால் கட்டணம், தரம், வேலை என்ற நடுக்கங்கள் அங்கே வந்து குடியேறின. ஆகவே இடம் பெருகினால் மட்டும் போதாது. அரசுக் கல்லூரியாகப் பெருகவேண்டும், தரத்தோடு பெருகவேண்டும்.

வெளியுலகையும் சற்று நோக்குவோம். தென்கொரியாவில் கல்லூரித் தேர்வுக்காகத் தாய்மார் பல்கொங் மலையிலுள்ள கல் புத்தர் முன் நூறு நாள் வேண்டுதல் செய்கின்றனர். நெருக்கடி அங்கே தீர்ந்ததாகக் காணோம். இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரித்த முறை பெற்றோரை நெடுங்காலம் வாட்டியது. அவர்கள் அதை அரசியல் கேள்வியாக்கினர். 1965இல் அரசின் சுற்றறிக்கை பிறந்தது. பெரும்பாலான வட்டாரங்களில் அந்தத் தேர்வு மறைந்தது.

இளைஞர்களே! 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக உருமாறிய நகரம் சேலம். அந்த மண்ணில் நீங்கள் செய்யவேண்டிய பணி கண்ணெதிரே கிடக்கிறது. சேர்க்கைக் காலத்தில் படிப்பகந்தோறும் ஒரு மேசை போடுங்கள். விளக்கக் குறிப்பேட்டைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை இடம், 7.5 விழுக்காட்டிற்கு யார் உரியவர், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு என்ன கட்டணச் சலுகை, சாதிச் சான்றிதழ் எங்கே பெறுவது, விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது, கிடைக்காவிட்டால் அடுத்த வழிகள் யாவை என்று பொறுமையாக விளக்குங்கள். இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போங்கள். "இது உன் குறையன்று" என்று சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்கவேண்டும்.

விதியென்று நம்புகிறவன் காத்திருப்பான். விதிமுறையென்று அறிந்தவன் கேள்வி கேட்பான், கணக்குக் கேட்பான், கூடுதல் இடம் கேட்பான். 301 இடத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது கேட்டவர்களால்தான். மீதித் தூரமும் கேட்பவர்களாலேயே கடக்கப்படும்.