தக்கையில் செதுக்கிய தபால் முத்திரைகள்

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு 'கேன்சல்' என்றால் ஒரே அர்த்தம்தான். இந்தத் தாள் தன் வேலையை முடித்துவிட்டது, இனி இதைக் காட்டி யாரும் பணம் கேட்க முடியாது. பணம் கொடுத்த செக்கின் மேல் 'பெய்டு' முத்திரை குத்துவதும், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து விழ வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். தபால்தலை மேல் விழும் கறுப்பு மையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அமெரிக்காவில் சுமார் 150 வருடங்களுக்கு முன் குத்திய சில முத்திரைகளுக்கு, அவை செல்லாமல் ஆக்கிய தபால்தலையை விடப் பல மடங்கு மதிப்பு. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

உலகின் முதல் தபால்தலை 1840-ல் பிரிட்டனில் வந்த 'பென்னி பிளாக்'. கறுப்புத் தலை மேல் சிவப்பு மையில் குத்தினார்கள். அந்தச் சிவப்பைச் சுரண்டியும் கழுவியும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்று தெரிந்ததும், 1841-ல் தலையைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்கினார்கள். தபால் இலாகாவின் கவலை அன்றிலிருந்தே இதுதான்: ஒரே தலையை இரண்டு தடவை பயன்படுத்திவிடக் கூடாது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான தபால்தலைகள் 1847 ஜூலை 1-ல் வந்தன. 5 சென்ட் தலையில் பெஞ்சமின் பிராங்க்ளின், 10 சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டன். பல ஊர்களில் பேனாவால் குறுக்கே இரண்டு கோடு போட்டு விடுவார்கள். 1856 முதல் தபால்தலை ஒட்டுவது கட்டாயமானது. தலைகளின் புழக்கம் பெருகியது, கழுவி ஒட்டுவார்களோ என்ற பயமும் கூடவே பெருகியது. 1860-ல், தேதி முத்திரையையே தலை மேல் குத்தக் கூடாது, தலையை அழிக்கத் தனி முத்திரை வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இங்கேதான் வேடிக்கை. பெரிய ஆபீஸ்களுக்கு இலாகா முத்திரை அனுப்பியது. சின்ன ஊர் போஸ்ட் மாஸ்டர் தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவர் கண்ணில் பட்டது பாட்டில் தக்கை. பேனாக்கத்தியால் சுலபமாகச் செதுக்கலாம், மையையும் நன்றாக வாங்கும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும், உடனே புதிதாக ஒன்று செதுக்க வேண்டும். முதலில் குறுக்குக் கோடுகள் மட்டும் வெட்டினார்கள். பிறகு நட்சத்திரம், கேடயம், இதயம் என்று கை வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தேசபக்திச் சின்னங்களும் சேர்ந்தன. நியூயார்க்கின் வெளிநாட்டுத் தபால் பிரிவில் 1870-களில் குத்திய பூக்கோலம் போன்ற வடிவங்களை மட்டுமே சேர்ப்பவர்களும் உண்டு.

இந்தக் கலையில் முதல் பெயர் கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரி ஊரைச் சேர்ந்த ஜான் ஹில். தபால் ஆபீஸ் ஊழியரான அவர் யானை, தேனீ, காலணி, மண்டையோடும் எலும்பும் என்று செதுக்கித் தள்ளினார். 1869-ல் 'தாங்க்ஸ்கிவிங்' பண்டிகையை ஒட்டி அவர் வெட்டியது ஓடும் கோழி. அதை வான்கோழி என்று சொல்பவர்களும் உண்டு. சில நாட்களே புழக்கத்தில் இருந்ததால் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்கே மிச்சம். ரயில் எஞ்சின் படம் போட்ட 3 சென்ட் தலைகள் மேல் அந்தக் கோழி விழுந்த ஓர் உறை, ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போயிருக்கிறது. அந்த 3 சென்ட் தலையோ கோடிக்கணக்கில் அச்சானது!

இலாகா சும்மா இருக்கவில்லை. 1867 முதல் சில வருடங்கள் தபால்தலைகளில் 'கிரில்' என்ற சிறு புள்ளி அச்சுகளை அழுத்தினார்கள். காகித நார் உடைந்து மை உள்ளே இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. 1876-ல் பாஸ்டனில் தாமஸ் லெவிட்டின் முத்திரை இயந்திரம் ஓடத் தொடங்கியது. பிறகு இயந்திரங்களும் ஒரே மாதிரியான முத்திரைகளும் பரவ, தக்கைக்கு வேலை குறைந்தது.

விலை ஏறினால் போலியும் வரும். பேனாக் கோடு போட்ட மலிவான தலையைக் கழுவி, அதன் மேல் புதிதாக மண்டையோடு குத்தி விற்றவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்கும் முறை நம் கணக்குத் தணிக்கை மாதிரிதான். முத்திரையின் மை தலையைத் தாண்டி உறை மேலும் தொடர்கிறதா? உறையில் உள்ள ஊரும் தேதியும் அந்த வடிவம் புழங்கிய காலத்தோடு ஒத்துப்போகின்றனவா? மை அந்த ஆபீஸ் மையா? உறையிலிருந்து பிரித்த தலை, வவுச்சர் இல்லாத பதிவு மாதிரி. உண்மையாகவே இருந்தாலும் நிரூபிப்பது கஷ்டம். நியூயார்க்கின் 'பிலடெலிக் ஃபவுண்டேஷன்' போன்ற அமைப்புகளின் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

நம் எல்லோர் வீட்டிலும் பரணில் பழைய கடிதக் கட்டு ஒன்று இருக்கும். தாத்தா ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ எழுதியதாகவும் இருக்கலாம். பேரக் குழந்தைகள் ஸ்டாம்ப் ஆல்பம் ஆரம்பித்தால், தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதுதான் முதல் வேலை என்று நினைப்பார்கள். தயவுசெய்து தடுத்து விடுங்கள். முத்திரை, ஊர், தேதி, முகவரி எல்லாம் சேர்ந்த முழு உறைதான் சரித்திரம். கத்தரித்து எடுத்தால் மிஞ்சுவது வெறும் படம். உறையை அப்படியே ஒரு காகிதக் கவரில் போட்டு, ஈரம் படாமல் வையுங்கள். ஆல்பத்துக்கு வேறு தலைகள் கிடைக்கும்.