ஜி. என். இராமச்சந்திரனின் கொலாஜன் ஆய்வில் ஹைட்ராக்சிபுரோலின்

திருச்சிராப்பள்ளியின் அறிவியல் வரலாற்றில் இரு பெயர்கள் இணைத்துப் பேசத்தக்கவை. திருவரங்கத் தீவின் திருவானைக்காவில் 1888இல் பிறந்தவர் சி. வி. இராமன். நகரின் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் அவரிடமே ஆய்வு மேற்கொண்டவர் ஜி. என். இராமச்சந்திரன். பின்னவரைக் கொலாஜன் முச்சுருளின் வடிவம் கண்டவராகவே நூல்கள் பெரிதும் பேசுகின்றன. அச்சுருளை நிலைநிறுத்தும் வேதிமாற்றம் குறித்து அவர் எழுதியது போதிய கவனம் பெறவில்லை.

1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முச்சங்கிலி அமைப்பை முன்மொழிந்தனர். கொலாஜனில் கிளைசின் மூன்றிலொரு பங்கு என்னும் வேதிப் பகுப்பாய்வு முடிவு அதற்கு வழிகாட்டிற்று. ஏறத்தாழப் பத்திலொரு பங்காக அமைந்த ஹைட்ராக்சிபுரோலினின் பணியோ பின்னரே ஆராயப்பட்டது.

இவ்வமினோ அமிலத்திற்கு மரபுக் குறியீட்டில் தனிக் குறிச்சொல் இல்லை. சங்கிலி உருவான பின் புரோலினே நொதியால் இவ்வாறு மாற்றப்படுகிறது. அந்நொதிக்கு இரும்பும் வைட்டமின் சியும் தேவை. மரபுக் குறியீடு அறியப்படுவதற்கு முன்பே இம்மாற்றத்திற்குச் சான்று கிடைத்துவிட்டது என்பது வியப்புக்குரியது. நைட்ரஜன் 15 ஏற்றிய ஹைட்ராக்சிபுரோலினை எலிகளுக்கு ஊட்டிய மார்ஜரி ஸ்டெட்டன், அது உடற்புரதத்தில் மிகச் சிறிதளவே சேர்வதை 1949இல் காட்டினார். அடையாளமிட்ட புரோலினோ புரதத்தில் ஹைட்ராக்சிபுரோலினாக வெளிப்பட்டதை முந்தைய ஆய்வு காட்டியிருந்தது.

இன்று நிறை நிறமாலைமானி இம்மாற்றத்தை 16 டால்டன் நிறைமிகையாகக் காட்டும். ஆயினும் மெத்தியோனின் ஆக்சிசனேற்றமும் அதே மிகையைத் தரும். சங்கிலியில் ஹைட்ராக்சிபுரோலின் அலகிற்கும் லியூசின் அலகிற்கும் நிறை வேறுபாடு 0.036 டால்டன் மட்டுமே. எனவே நிறைமிகையை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் தவறு. புரதத்துண்டை மேலும் உடைத்து, மாற்றம் நேர்ந்த இடத்தையும் உறுதிசெய்தல் வேண்டும்.

ஹைட்ராக்சில் ஏற்றம் பெறாத கொலாஜன் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே குலைகிறது. இயல்பான கொலாஜனோ 39 பாகை வரை தாங்குகிறது. 1973இல் இராமச்சந்திரன், மஞ்சு பன்சால், பட்நாகர் மூவரும் இதற்கு விளக்கம் தந்தனர்: ஹைட்ராக்சில் தொகுதி நீர் மூலக்கூறு வழியாகச் சங்கிலியோடு பிணைகிறது என்பது அவர்தம் கருதுகோள். 1994இல் வெளியான படிக அமைப்பு முச்சுருளைச் சூழ்ந்த நீர்ப்பிணைப்புகளைக் காட்டியது. ஆனால் 1998இல் ரேய்ன்ஸ் குழுவினர், நீரோடு வலுவாகப் பிணையாத ஃபுளூரோபுரோலின் முச்சுருளை இன்னும் மிகுதியாக நிலைப்படுத்துவதைக் கண்டனர். நீர்ப்பிணைப்பு உண்டு, நிலைப்பிற்கு அதுவே முதற்காரணமன்று என்பதே இவற்றால் பெறப்படும். வடிவத்திலிருந்து வேதிமாற்றத்திற்குத் திரும்பிய இராமச்சந்திரனின் வினா சரியானது. அவர் விடையில் ஒரு பகுதியே நின்றது.